கட்டளை வரியில் நெட்வொர்க் அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு க்ளிக்கில் முடிகிற வேலைக்கு எதற்குக் கறுப்புத் திரை?

க்ளிக்கில் முடியும் என்றால் க்ளிக்கிலேயே முடித்துவிடுங்கள், தவறே இல்லை. ஆனால் சில இடங்களில் அது கைகொடுக்காது. திரையே இல்லாத சர்வர் ஓர் இடம். ஒரே மாற்றத்தை இருபது கணினிகளில் செய்ய வேண்டிய நாள் இன்னொன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது, நெட் வரவில்லை, ஏன் என்றும் தெரியவில்லை என்கிற நிலை. அமைப்புச் சாளரம் "இணைக்கப்பட்டது" என்று ஒரே சொல்லில் நிறுத்திக்கொள்ளும். எதுவரை இணைக்கப்பட்டது? கேபிள் வரையா, ரூட்டர் வரையா, வெளியுலகம் வரையா? கட்டளை வரியில் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகக் கேட்டுப் பதில் வாங்கலாம். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்தக் கேள்வி கேட்கும் முறையைப் பற்றியதுதான்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறீர்களே, எப்படித் தட்டுவது?

தொலைபேசியில் ஒருவருக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பது போல, உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். காதில் விழும் ஆங்கிலச் சொல்லை அதன் எழுத்துக்கூட்டலோடு தட்டுங்கள். லினக்ஸின் "ஐபி" கட்டளை முழுச் சொற்களை ஏற்றுக்கொள்ளும். எல்லோரும் சுருக்கி "ஐபி ஏ" என்று தட்டினாலும், "ஐபி அட்ரஸ்" என்று முழுதாகத் தட்டினால் அதே பதில் வரும். தொடங்குகிறவர்கள் முழுச் சொல்லில் பழகுவது நல்லது. என்ன கேட்கிறோம் என்பது மனதில் நிற்கும். லினக்ஸில் சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்பது முக்கியம். பார்ப்பதற்கான கட்டளைகளுக்குச் சாதாரணப் பயனராக இருந்தால் போதும். மாற்றுவதற்கான கட்டளைகளுக்கு முன்னால் லினக்ஸில் "சூடோ" (எஸ், யூ, டி, ஓ; நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது) வேண்டும். விண்டோஸில் சாளரத்தையே நிர்வாகியாகத் திறக்க வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

நான்கு விஷயங்கள்: உங்கள் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் கணினியின் எண்), சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் உங்கள் பக்கத்தில் இருப்பவை என்று சொல்வது), கேட்வே (வெளியே போகும் வாசல், பெரும்பாலும் ரூட்டர்), டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது). ஒரு கணினி இணையத்தோடு பேச இந்த நான்கும் சரியாக இருக்க வேண்டும். எந்த இயங்குதளமாக இருந்தாலும், எந்தக் கட்டளையாக இருந்தாலும், சுற்றிச் சுற்றி இந்த நான்கில்தான் வந்து நிற்போம்.

லினக்ஸில்:

ஐபி அட்ரஸ்
ஐபி ரூட்
ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்

முதலாவது முகவரியும் மாஸ்க்கும் சொல்லும். ரூட் என்றால் பாதை; இரண்டாவதில் "டிஃபால்ட் வயா" என்று தொடங்கும் வரியில் இருப்பதுதான் கேட்வே. மூன்றாவது டிஎன்எஸ். விண்டோஸில் "ஐபிகான்ஃபிக் /ஆல்" ஒன்றே நான்கையும் கொட்டிவிடும். மேக்கில் "நெட்வொர்க்செட்டப் -கெட்இன்ஃபோ" என்று தட்டி, இணைப்பின் பெயரையும் சேர்த்தால் முதல் மூன்று வரும்; டிஎன்எஸுக்கு "எஸ்சியூடில் --டிஎன்எஸ்".

வந்த பதிலைக் கோப்பாகச் சேமித்த பிறகே மேலே போங்கள். கட்டளையின் கடைசியில் ">" குறியும் ஒரு கோப்புப் பெயரும் போட்டால் போதும், பத்து வினாடி வேலை. "முன்னாடி என்ன இருந்தது?" என்ற கேள்விக்கு ஞாபகத்திலிருந்து பதில் சொல்ல முயன்று மணிக்கணக்கில் திண்டாடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"ஐபி அட்ரஸ்" பதிலில் ஏதேதோ வருகிறதே, எதைப் படிப்பது?

ஒரு கணினியில் வருவதைச் சுருக்கித் தருகிறேன்:

2: இஎன்பி3எஸ்0: <பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட், அப், லோயர்_அப்> எம்டியு 1500 ஸ்டேட் அப்
ஐநெட் 192.168.1.37/24 ஸ்கோப் குளோபல் டைனமிக்
வேலிட்_எல்எஃப்டி 41230செக்

முதலில் கோண அடைப்புக்குள் பாருங்கள். "அப்" என்றால் இந்த இன்டர்ஃபேஸை, அதாவது நெட்வொர்க் அட்டையை, நாம் இயக்கி வைத்திருக்கிறோம். "லோயர்_அப்" என்றால் கேபிளின் மறுமுனையிலிருந்து சிக்னல் வருகிறது. இரண்டும் வேறு வேறு. "அப்" இருந்து, "லோயர்_அப்" இருக்க வேண்டிய இடத்தில் "நோ-கேரியர்" என்று வந்தால் அமைப்பில் கை வைக்கவே தேவையில்லை. கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது மறுமுனையில் சுவிட்ச் அணைந்திருக்கிறது. எழுந்து போய்ப் பாருங்கள்.

அடுத்து "ஐநெட்" வரி. அதில்தான் முகவரி. பக்கத்தில் "டைனமிக்" இருந்தால் அந்த முகவரி டிஹெச்சிபி வழியாக, அதாவது ரூட்டர் போன்ற ஒரு சர்வர் முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் முறையில், வாடகைக்கு வந்தது. கீழே உள்ள 41230 அந்த வாடகையில் மிச்சம் இருக்கும் வினாடிகள், கிட்டத்தட்ட பதினொன்றரை மணி நேரம். கட்டளையை மறுபடி தட்டினால் எண் குறைந்திருக்கும். கையால் கொடுத்த முகவரியாக இருந்தால் எண்ணுக்குப் பதில் "ஃபாரெவர்" என்று வரும். இந்த முகவரி எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்காமலே கண்டுபிடிக்க இந்த ஒரு வரி போதும்.

"இஎன்பி3எஸ்0" என்ற விசித்திரப் பெயருக்கும் பொருள் இருக்கிறது. இஎன் என்பது ஈதர்நெட், பி3 என்பது மூன்றாம் எண் பிசிஐ பஸ், எஸ்0 என்பது அதில் பூஜ்யமாவது இடம். வைஃபை என்றால் "டபிள்யூஎல்" என்று தொடங்கும். முன்பெல்லாம் ஈத்0, ஈத்1 என்று கண்டெடுத்த வரிசையில் பெயர் வைப்பார்கள். இரண்டு அட்டைகள் உள்ள கணினியை மறுபடி இயக்கும்போது இரண்டின் பெயரும் இடம் மாறிவிடும் ஆபத்து அதில் இருந்தது. அதைத் தவிர்க்கத்தான் 2013 வாக்கில் சிஸ்டம்டி (லினக்ஸில் கணினியின் தொடக்க வேலைகளைக் கவனிக்கும் நிரல்) இந்தப் புது முறையைக் கொண்டுவந்தது.

முகவரிக்குப் பின்னால் /24 என்று இருக்கிறதே?

அதுதான் சப்நெட் மாஸ்க், சுருக்கமாக எழுதியது. இங்கே நாம் பார்க்கும் முகவரி ஐபிவி4 வகை. அதில் மொத்தம் 32 பிட். அதில் முதல் 24 பிட் தெருவின் பெயர், மிச்சம் 8 பிட் வீட்டு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பிட்டில் 256 எண்கள். முதலாவது தெருவுக்கே உரியது, கடைசி எண் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்வதற்கானது, ஆக 254 கணினிகளுக்கு இடம். விண்டோஸில் இதையே 255.255.255.0 என்று எழுதுவார்கள்.

மாஸ்க் தவறானால் விளைவு பாதி வேலை செய்யும், பாதி செய்யாது, அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம். /24 போட வேண்டிய இடத்தில் /16 போட்டால், வேறு தெருவில் இருப்பவர்களையும் உங்கள் கணினி பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ளும். ரூட்டரிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இணையம் ஓடும், அலுவலகத்தின் இன்னொரு மாடியில் உள்ள பிரிண்டர் மட்டும் கிடைக்காது.

கேட்வே உங்கள் தெருவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகவரி 192.168.1.50/24 ஆக இருக்க, கேட்வேயை 192.168.0.1 என்று கொடுத்தால் லினக்ஸ் "நெக்ஸ்ட்ஹாப் ஹாஸ் இன்வேலிட் கேட்வே" என்று மறுத்துவிடும். அந்தப் பிழை வந்தால் மூன்றாவது எண்ணைத்தான் முதலில் சரிபாருங்கள்.

169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது. இது யார் கொடுத்தது?

யாரும் கொடுக்கவில்லை. டிஹெச்சிபி சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் கணினி தானே வைத்துக்கொண்ட முகவரி அது.

சாதாரணமாக நான்கு செய்திகளில் இந்த வேலை முடியும். "முகவரி கொடுக்க யாராவது இருக்கிறீர்களா?" என்று கணினி கேட்கும், "இதை எடுத்துக்கொள்" என்று சர்வர் சொல்லும், "சரி, இதையே கொடு" என்று கணினி கேட்கும், "கொடுத்தாயிற்று" என்று சர்வர் முடிக்கும். வாடகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி அதே சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கும். 87.5 விழுக்காடு கழிந்தும் பதில் இல்லையென்றால், எந்த சர்வராக இருந்தாலும் சரி என்று பொதுவாகக் கேட்கத் தொடங்கும்.

169.254 வந்தால் முகவரியைக் கையால் திணிக்காதீர்கள். கேபிள், வைஃபை கடவுச்சொல், ரூட்டர் என்ற வரிசையில் பாருங்கள். எல்லாம் சரி என்று தோன்றினால் விண்டோஸில் "ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்", பிறகு "ஐபிகான்ஃபிக் /ரின்யூ". லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் (நெட்வொர்க்கைக் கவனிக்கும் நிரல்) ஓடினால் "என்எம்சிஎல்ஐ டிவைஸ் கனெக்ட்" என்று தட்டி இன்டர்ஃபேஸ் பெயரைச் சேர்க்கவும்.

சோதனைக்காகத் தற்காலிகமாக ஒரு முகவரி கொடுப்பது எப்படி?

லினக்ஸில்:

ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.50/24 டெவ் இஎன்பி3எஸ்0
ஐபி லிங்க் செட் இஎன்பி3எஸ்0 அப்
ஐபி ரூட் ரிப்ளேஸ் டிஃபால்ட் வயா 192.168.1.1

இங்கே இரண்டு இடங்களில் கால் இடறும். "ஆட்" என்றால் சேர்ப்பதுதான், மாற்றுவது அல்ல. பழைய முகவரியும் இருக்கும், புதியதும் இருக்கும். பழையது வேண்டாமென்றால் "டெலீட்" தனியாகத் தட்ட வேண்டும். அடுத்தது, /24ஐ மறந்துவிட்டால் கணினி பிழை எதுவும் காட்டாது. /32 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது ஒரே வீடு உள்ள தெரு. முகவரி திரையில் அழகாகத் தெரியும், பக்கத்துக் கணினிக்குக்கூடப் போகாது.

கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் போய்விட்டது. ஏன்?

"ஐபி" கட்டளை கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவில் மட்டும் எழுதுகிறது. கோப்பில் எழுதுவதில்லை. சோதித்துப் பார்க்க இது வரம். நிரந்தரமாக்க வேறு வழி போக வேண்டும்.

அந்த வழி எது என்பது, உங்கள் கணினியில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பொறுத்தது. டெஸ்க்டாப் லினக்ஸில் பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜர். உபுண்டு சர்வரில் நெட்பிளான். பழைய பாணி டெபியனில் "/இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேஸஸ்" என்ற கோப்பு. இணையத்தில் கண்ட வழிமுறையை அப்படியே செய்தும் பலிக்கவில்லை என்பவர்களில் பெரும்பாலோர், தங்கள் கணினியில் ஓடாத ஒன்றின் கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். முதலில் "என்எம்சிஎல்ஐ டிவைஸ்" தட்டிப் பாருங்கள். உங்கள் இன்டர்ஃபேஸுக்கு எதிரே "கனெக்டட்" என்று வந்தால் பொறுப்பு நெட்வொர்க்மேனேஜருடையது. "அன்மேனேஜ்ட்" என்று வந்தாலோ, கட்டளையே இல்லை என்றாலோ வேறொருவர். ஒரே இன்டர்ஃபேஸை இருவரிடம் ஒப்படைக்காதீர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துக்கொண்டே இருப்பார்.

நெட்வொர்க்மேனேஜரில்:

என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மாடிஃபை "இணைப்பின் பெயர்" ஐபிவி4.அட்ரஸஸ் 192.168.1.50/24 ஐபிவி4.கேட்வே 192.168.1.1 ஐபிவி4.டிஎன்எஸ் 192.168.1.1 ஐபிவி4.மெத்தட் மேனுவல்
என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் அப் "இணைப்பின் பெயர்"

"மாடிஃபை" கோப்பில் எழுதுவதோடு சரி. "அப்" தட்டும்வரை ஓடும் இணைப்பில் எதுவும் மாறாது. முகவரியையும் "மெத்தட் மேனுவல்" என்பதையும் ஒரே வரியில் கொடுங்கள். முகவரி இல்லாத நிலையில் மேனுவல் என்று மட்டும் சொன்னால் ஏற்காது.

நெட்பிளானில் "/இடிசி/நெட்பிளான்" அடைவில் உள்ள யாமல் (அமைப்புகளை வரிவரியாக எழுதும் ஒரு வடிவம்) கோப்பைத் திருத்த வேண்டும். யாமலில் உள்தள்ளலுக்கு இடைவெளிதான், டேப் கூடாது. ஒரு டேப் நுழைந்தால் முழுக் கோப்பும் செல்லாது. பழைய வழிமுறைகளில் வரும் "கேட்வே4" என்ற வரி இப்போது கைவிடப்பட்டது. "ரூட்ஸ்" என்பதன் கீழே "டு: டிஃபால்ட்" என்று எழுதி, அதற்கு நேர் கீழே "வயா" கொடுப்பதுதான் இன்றைய முறை. எழுதியதும் "நெட்பிளான் ட்ரை" தட்டுங்கள். மாற்றத்தைப் போட்டுப் பார்க்கும். 120 வினாடிக்குள் நீங்கள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழையபடி ஆக்கிவிடும். இப்படி ஒரு வசதியை யோசித்து வைத்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். காரணம் அடுத்த கேள்வியில்.

தூரத்தில் உள்ள சர்வரில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை வரியில் நுழையும் முறை) வழியாக முகவரியை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் நுனிக்கொம்பில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டுகிற வேலை அது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் சர்வரில் கேட்வேயை மாற்ற வேண்டியிருந்தது. பழைய டிஃபால்ட் ரூட்டை அழித்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பது திட்டம். அழிக்கும் கட்டளையைத் தட்டி என்டர் அடித்தேன். கர்சர் அப்படியே நின்றது. இரண்டாவது கட்டளையைத் தட்டுகிறேன், ஓர் எழுத்துகூடத் திரையில் வரவில்லை. சர்வரிலிருந்து என்னிடம் வரும் பாதையைத்தான் அழித்திருந்தேன் என்பது அந்த விநாடியில்தான் உறைத்தது. அந்த அறைக்குச் சாவி வைத்திருந்தவர் வந்து சேர மறுநாள் காலை ஆயிற்று. அதுவரை அங்கே யாருக்கும் வேலை ஓடவில்லை.

அதன்பிறகு நான் விடாமல் கடைப்பிடிப்பவை இவை. அழித்துச் சேர்ப்பதற்குப் பதில் "ஐபி ரூட் ரிப்ளேஸ்". ஒரே அடியில் மாற்றிவிடும், நடுவில் பாதையில்லாத கணம் கிடையாது. வேலையை டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் என்ற நிரலுக்குள் தொடங்குவேன். இணைப்பு அறுந்தாலும் மிச்சக் கட்டளைகள் சர்வரில் ஓடி முடியும். முகவரி மாற்றுவதென்றால் புதியதை முதலில் சேர்த்து, இன்னொரு சாளரத்திலிருந்து அந்தப் புது முகவரியில் நுழைந்து பார்த்த பிறகே பழையதை எடுப்பேன்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே தெருவில் இரண்டாவதாகச் சேர்த்த முகவரியை லினக்ஸ் "செகண்டரி" என்று குறித்துவைக்கும். முதல் முகவரியை அழித்தால், கெர்னலின் "ப்ரமோட்_செகண்டரிஸ்" அமைப்பு பூஜ்யமாக இருக்கும் கணினிகளில் இரண்டாவதும் சேர்ந்தே போய்விடும். பழையதை எடுக்கும் முன் அந்த எண் 1 ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பாதுகாப்பு, "ஷட்டவுன் -ஆர் +10". பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, நினைவில் மட்டும் மாற்றங்களைச் செய்து பார்ப்பது. எல்லாம் நன்றாக இருந்தால் "ஷட்டவுன் -சி" தட்டி ரத்து செய்துவிடலாம். பூட்டிக்கொண்டுவிட்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் சர்வர் பழைய நிலையில் எழுந்து வரும். ஆனால் கோப்பில் எழுதிவிட்ட மாற்றத்தை இது காப்பாற்றாது. ஆகவே முதலில் நினைவில், சரி என்று தெரிந்த பிறகே கோப்பில்.

விண்டோஸில் நிலையான முகவரி கொடுப்பது?

நெட்எஸ்ஹெச் இன்டர்ஃபேஸ் ஐபி செட் அட்ரஸ் நேம்="ஈதர்நெட்" ஸ்டாட்டிக் 192.168.1.50 255.255.255.0 192.168.1.1
நெட்எஸ்ஹெச் இன்டர்ஃபேஸ் ஐபி செட் டிஎன்எஸ் நேம்="ஈதர்நெட்" ஸ்டாட்டிக் 192.168.1.1

லினக்ஸ் பழகியவர்கள் கவனிக்க: இங்கே என்டர் தட்டியதுமே நிரந்தரம். ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது.

திரும்ப டிஹெச்சிபிக்குப் போக அதே இரண்டு வரிகளில் "ஸ்டாட்டிக்" முதல் கடைசிவரை எடுத்துவிட்டு "டிஹெச்சிபி" போடுங்கள். இரண்டு வரிகளிலும். முதல் வரியை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துகிறவர்கள் அதிகம். முகவரி தானாக வரத் தொடங்கும், டிஎன்எஸ் மட்டும் பழைய எண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்பை வேறு இடத்துக்கு எடுத்துப்போன பிறகுதான் கோளாறு தெரியும்.

மாற்றும் முன் "நெட்எஸ்ஹெச் இன்டர்ஃபேஸ் ஐபி டம்ப்" தட்டி அதைக் கோப்பாக்கி வைத்தால், பின்னால் "நெட்எஸ்ஹெச் -எஃப்" என்று அந்தக் கோப்புப் பெயரைக் கொடுத்துப் பழைய அமைப்பைத் திருப்பிவிடலாம். பவர்ஷெல்லில் (விண்டோஸின் இன்னொரு கட்டளைச் சாளரம்) இதே வேலைகளுக்கு "கெட்-நெட்ஐபிஅட்ரஸ்", "நியூ-நெட்ஐபிஅட்ரஸ்", "செட்-டிஎன்எஸ்கிளையன்ட்சர்வர்அட்ரஸ்" இருக்கின்றன. பல கணினிகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதாக இருந்தால் பவர்ஷெல்தான் என் தேர்வு.

மேக்கில்?

"நெட்வொர்க்செட்டப் -லிஸ்ட்ஆல்நெட்வொர்க்சர்வீசஸ்" தட்டினால் இணைப்புகளின் பெயர்கள் வரும். அந்தப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். இஎன்0 போன்ற சாதனப் பெயரை அல்ல. "-செட்மேனுவல்" என்று போட்டு, இணைப்பின் பெயர், முகவரி, மாஸ்க், கேட்வே என்ற வரிசையில் கொடுங்கள். திரும்ப "-செட்டிஹெச்சிபி". கையால் போட்ட டிஎன்எஸை நீக்க "-செட்டிஎன்எஸ்சர்வர்ஸ்" என்று தட்டி இணைப்பின் பெயரைப் போட்டு, எண்ணுக்குப் பதில் "எம்ப்டி" என்று எழுதவும்.

8.8.8.8க்குப் பிங் போகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை. ஏன்?

பிங் என்பது மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை; 8.8.8.8 கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர். பதில் வருகிறது என்றால் பாதை சரி, பெயரை எண்ணாக மாற்றுவதில் சிக்கல். அதாவது டிஎன்எஸ். "என்எஸ்லுக்அப்" என்று தட்டித் தளத்தின் பெயரைக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் அதே வரியின் கடைசியில் 1.1.1.1 சேர்த்து இன்னொரு சர்வரிடம் கேளுங்கள். அங்கே பதில் வந்தால் உங்கள் டிஎன்எஸ் சர்வர்தான் குற்றவாளி.

விண்டோஸில் என்எஸ்லுக்அப் சரியான எண்ணைச் சொல்லியும் பிங் வேறு எண்ணுக்குப் போனால், பெயருக்கு எதிரே எண்ணைக் கையால் எழுதிவைக்கும் "ஹோஸ்ட்ஸ்" கோப்பைத் திறந்து பாருங்கள். என்எஸ்லுக்அப் அந்தக் கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். பிங்கும் பிரவுசரும் கோப்புக்குத்தான் முதலிடம் கொடுக்கும். எப்போதோ சோதனைக்காக எழுதிய ஒரு வரி அங்கே உட்கார்ந்திருக்கும். பழைய பதில் கணினியின் நினைவில் தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. அதைத் துடைக்க விண்டோஸில் "ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்", லினக்ஸில் "ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேச்சஸ்".

லினக்ஸில் டிஎன்எஸ் முகவரியாக 127.0.0.53 வந்தால் பதற வேண்டாம். அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு. அது யாரிடம் கேட்கிறது என்பதை "ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்" சொல்லும்.

முதல் டிஎன்எஸில் இல்லாத பெயரை இரண்டாவதிடம் கேட்கும், அப்படித்தானே?

இல்லை. இந்தத் தவறான நம்பிக்கையால் கெட்டுப்போன அமைப்புகள் ஏராளம். முதல் சர்வர் பதிலே சொல்லாமல் இருந்தால்தான் இரண்டாவதிடம் போகும். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்பதும் ஒரு பதில்தான். அதோடு தேடல் முடிந்தது. அலுவலகத்தின் உள் டிஎன்எஸ் ஒன்று, வெளி டிஎன்எஸ் ஒன்று என்று கலந்து போட்டால், ஏதோ ஒரு நேரத்தில் கணினி வெளி சர்வருக்குத் தாவும். உள் சர்வர்களின் பெயர் அதற்குத் தெரியாது. "சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை" என்ற புகார் அங்கேதான் பிறக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே தகவல் தெரிந்த சர்வர்களையே போடுங்கள்.

பிங்குக்குப் பதில் இல்லையென்றால் இணைப்பு இல்லை என்று அர்த்தமா?

இல்லை. பிங்கை மட்டும் தடுக்கும் ஃபயர்வால்கள் நிறைய. விண்டோஸே பல நிலைகளில் வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பதில் தராது.

எப்படித் தோற்றது என்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பிங் நிறையச் சொல்லும். "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்றால் வழியில் யாரோ கொண்டுசேர்க்க முடியவில்லை என்று திருப்பிச் சொல்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்பது அந்த வரியின் தொடக்கத்தில் இருக்கும். அது உங்கள் சொந்த முகவரியாக இருந்தால், அடுத்த வீட்டுக் கதவைக்கூடத் தட்ட முடியவில்லை என்று பொருள். "ஐபி நெய்பர்" தட்டிப் பாருங்கள். கேட்வேக்கு எதிரே "ஃபெயில்டு" என்று இருந்தால் சிக்கல் உங்களுக்கும் ரூட்டருக்கும் நடுவேதான். விண்டோஸில் இதற்கு "ஏஆர்பி -ஏ".

கேபிளும் இருக்கிறது, வைஃபையும் இருக்கிறது. எது வழியாகப் போகிறது?

ஐபி ரூட் கெட் 8.8.8.8

எந்த இன்டர்ஃபேஸ், எந்தக் கேட்வே, எந்த முகவரியிலிருந்து என்று மூன்றையும் ஒரே வரியில் சொல்லும். லினக்ஸில் எனக்கு மிகப் பிடித்த கட்டளை இதுதான். இரண்டு டிஃபால்ட் ரூட் இருந்தால் "மெட்ரிக்" எண் குறைவானது வெல்லும். நெட்வொர்க்மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று கொடுப்பதால் இயல்பாகக் கேபிள்தான் முந்தும். இணையம் இல்லாத கேபிளைச் செருகியதும் நெட் நின்றுபோவதற்கும் இதுவே காரணம். விண்டோஸில் "ரூட் பிரின்ட்" தட்டி மெட்ரிக்கைப் பார்க்கலாம்.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன. விபிஎன் போட்டால்தான் இப்படி.

எம்டியு, அதாவது ஒரே பொட்டலத்தில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் அளவு 1500 பைட் வரை. விபிஎன் அதைச் சுற்றி இன்னோர் உறை போடுவதால் உள்ளே இடம் குறைகிறது. சிறிய பொட்டலங்கள் போய்விடும், பெரியவை வழியில் விழும். அளந்து பார்க்க, விண்டோஸில்:

பிங் -எஃப் -எல் 1472 8.8.8.8

லினக்ஸில் "பிங் -எம் டூ -எஸ் 1472 8.8.8.8", இதில் எம் பெரிய எழுத்து, டூ என்பது "செய்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். தலைப்புக்கு 28 பைட் போவதால்தான் 1500க்குப் பதில் 1472. "பெரிதாக இருக்கிறது, உடைக்க வேண்டும்" என்று மறுத்தால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகும் எண்ணோடு 28 சேர்த்தால் அதுதான் உங்கள் எம்டியு. பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் இணைப்புகள் பயன்படுத்தும் முறை) இணைப்பில் பெரும்பாலும் 1492 வரும். கிடைத்த எண் 1420 என்றால், "ஐபி லிங்க் செட் டெவ்" என்று தட்டி விபிஎன் இன்டர்ஃபேஸின் பெயரைச் சேர்த்து, "எம்டியு 1420" என்று முடித்துச் சோதியுங்கள்.

இஃப்கான்ஃபிக், நெட்ஸ்டாட் எல்லாம் இனி வேண்டாமா?

இன்டர்ஃபேஸைப் பார்க்கவும் அமைக்கவும் உதவும் இஃப்கான்ஃபிக் 1983இல் பிஎஸ்டி யூனிக்ஸின் 4.2 பதிப்போடு வந்தது. பிஎஸ்டியிலும் மேக்கிலும் இன்றும் அதுதான். லினக்ஸில் அதன் இடத்தை "ஐபி" பிடித்துவிட்டது, நெட்ஸ்டாட்டின் இடத்தை "எஸ்எஸ்". லினக்ஸில் இனிக் கற்றுக்கொள்வதாக இருந்தால் புதியதையே கற்றுக்கொள்ளுங்கள்.

ஐபிவி6ஐ அணைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஐபிவி6 என்பது ஐபிவி4க்கு அடுத்து வந்த முகவரி முறை. அணைக்காதீர்கள். கோளாறு மறைந்ததுபோல் தெரியும், காரணம் அங்கேயே இருக்கும். சந்தேகம் இருந்தால் "பிங் -4", "பிங் -6" என்று தனித்தனியாகச் சோதித்து எது உடைந்திருக்கிறது என்று பாருங்கள். மேக்கில் இரண்டாவதற்கு "பிங்6" என்றே தனிக் கட்டளை உண்டு.

"நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட்" எல்லாவற்றுக்கும் மருந்தா?

இல்லை. நிரல்கள் நெட்வொர்க்கோடு பேச விண்டோஸ் வைத்திருக்கும் பகுதிதான் வின்சாக்; அதை இந்தக் கட்டளை தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும். பழைய விபிஎன், ஆன்டிவைரஸ் போன்றவை விட்டுச்சென்ற குப்பையை அகற்ற உதவும், ரீஸ்டார்ட்டும் வேண்டும். "நெட்எஸ்ஹெச் இன்ட் ஐபி ரீசெட்" கையால் கொடுத்த முகவரிகளையும் துடைத்துவிடும். சர்வரில் தட்டும் முன் மேலே சொன்ன டம்ப் கோப்பு கையில் இருக்கட்டும்.

அமைப்பு எல்லாம் சரி, வேகம் மட்டும் 100 எம்பிபிஎஸைத் தாண்டவில்லை. எந்தக் கட்டளை?

லினக்ஸில் "ஈத்டூல் இஎன்பி3எஸ்0", பவர்ஷெல்லில் "கெட்-நெட்அடாப்டர்". இரண்டிலும் வேகம் என்ற இடத்தைப் பாருங்கள். கிகாபிட் அட்டையும் கிகாபிட் சுவிட்சும் இருந்து, அங்கே 100 என்று நின்றால் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மிச்ச இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் பல அட்டைகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிவிட்டு அதே கட்டளையை மறுபடி தட்டுங்கள். 1000 என்று வந்தால் பழைய கேபிளை வெட்டிக் குப்பையில் போடுங்கள்; பெட்டியில் போட்டு வைத்தால் வேறு யாராவது எடுத்துச் செருகுவார்கள்.